பாட்டுக்கு உடையவர் யார்?

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் வீதியில் ஒரு நாள் முச்சக்கர வண்டியில் பயணஞ்செய்ய நேர்ந்தது. வண்டியை ஓட்டியவர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க முஸ்லிம் இளைஞர். சாய்ந்தமருதைத் தாண்டியதும் வண்டிக்குள் பாட்டு ஒலிக்கத் தொடங்கியது. முதலில் நாகூர் ஈ. எம். ஹனீபாவின் கணீரென்ற குரல். அடுத்து இளையராஜா இசையமைத்த பழைய சினிமாப் பாட்டு ஒன்று.

"நல்ல பாட்டெல்லாம் வைத்திருக்கிறீர் தம்பி. எங்கே வாங்கினது?" என்று கேட்டேன்.

"சந்தைக்குப் பக்கத்தில போன் கடையில பாதர். முன்னூறு ரூபா குடுத்தா சிப் நிறையப் போட்டுத் தருவாங்க. ஆயிரம் பாட்டுக்கு மேல இரிக்கி."

சிறிது தூரம் பேசாமல் ஓட்டினார். பிறகு அவராகவே தொடங்கினார்: "எங்கட ஆள் ஒருத்தர் சொன்னாரு, இது களவாம் எண்டு. நான் காசு குடுத்துத்தானே பாதர் வாங்கின? புறகு எப்பிடிக் களவாகும்?"

காரைதீவைக் கடந்து நிந்தவூர் வந்துவிட்டது. நான் இறங்கவேண்டிய இடம். "யோசித்துச் சொல்கிறேன் தம்பி" என்று சொல்லி இறங்கிவிட்டேன். ஒழுக்கவியலைப் பல ஆண்டுகள் படித்தவன் ஒரு முச்சக்கர வண்டிச் சாரதிக்கு விடை சொல்ல முடியாமல் இறங்கினேன் என்பதை வாசகர்களிடம் மறைக்க விரும்பவில்லை. இக்கட்டுரை அவருக்கு நான் கடன்பட்ட பதில்.

களவா, கூலிப் பிடிப்பா?

பிறர் பொருளை அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொள்வதே களவு என்று 13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் வரையறுத்தார். ஒருவருடைய சைக்கிளை நான் எடுத்தால் அவரிடம் சைக்கிள் இல்லை. ஆனால் ஒருவருடைய பாட்டை நான் பிரதி எடுத்தால் அவருடைய பாட்டு அவரிடமே இருக்கிறது. விளக்கிலிருந்து விளக்கை ஏற்றினால் முதல் விளக்கின் ஒளி குறைவதில்லை. ஆகவே "இது களவே அல்ல" என்று வாதிடுவோரின் பேச்சில் ஓர் உண்மை இருக்கிறது. அதை நாம் அவசரப்பட்டு ஒதுக்கிவிடக் கூடாது.

எனினும் வாதம் அங்கே முடிந்துவிடுவதில்லை. மருதமுனையை எடுத்துக்கொள்வோம். கைத்தறிக்குப் பேர்போன ஊர் அது. அங்கே ஒரு நெசவாளி பல நாள் கண்விழித்து ஒரு புதிய சேலைக் கரையை உருவாக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வசதி படைத்த ஒருவர் அதைப் பார்த்து, இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் நெய்து பாதி விலைக்கு விற்கிறார். நெசவாளியின் சேலையை எவரும் தூக்கிச் செல்லவில்லை. அது அவருடைய அலுமாரியிலேயே இருக்கிறது. ஆனால் அவருடைய உழைப்பின் பயன் போய்விட்டது. பொருள் களவு போகவில்லை, கூலி பிடிக்கப்பட்டுவிட்டது.

பாட்டின் கதையும் இதுதான். பாட்டைப் படைத்தவரிடமிருந்து நாம் எடுப்பது பாட்டையல்ல, அவருக்குச் சேரவேண்டிய கூலியை. உழைத்தவனின் கூலியைப் பிடித்துவைப்பது வானத்தை நோக்கி ஓலமிடும் பாவங்களுள் ஒன்று என்று நாம் சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் படித்தோம். தொழிலாளியின் வியர்வை காயுமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற நபிமொழியை எங்கள் முஸ்லிம் அயலவர்கள் அறிவார்கள். இரு சமயத்தாருக்கும் இதில் கருத்து வேற்றுமை இல்லை.

இப்படிப் பார்த்தால் முதலாவது தெளிவு கிடைக்கிறது. இளைஞர் கொடுத்த முன்னூறு ரூபாயில் ஒரு சதங்கூடப் பாடியவருக்கோ, எழுதியவருக்கோ, இசையமைத்தவருக்கோ போகவில்லை. முழுவதும் கடைக்காரரின் மேசை லாச்சிக்குள் போனது. அநீதியின் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. இளைஞர் நல்லெண்ணத்தோடு விலை கொடுத்தார். விலையை வாங்க உரிமையில்லாதவர் அதை வாங்கிக்கொண்டார்.

கூலி யாருக்கு?

ஆனால் உடனே இரண்டாவது கேள்வி எழுகிறது. நாம் நேர்மையாக விலை கொடுத்தால் அது உழைத்தவரைச் சேருகிறதா?

2017 மார்ச்சில் எஸ். பி. பாலசுப்பிரமணியம் அமெரிக்காவில் இசைப்பயணத்தில் இருந்தபோது, இளையராஜாவின் சட்டத்தரணியிடமிருந்து ஓர் அறிவித்தல் வந்தது. தமது அனுமதியின்றித் தாம் இசையமைத்த பாடல்களை மேடைகளில் பாடக்கூடாது என்பதே அதன் சாரம். பாடகி சித்ராவுக்கும் அவ்வறிவித்தல் அனுப்பப்பட்டிருந்தது. இப்படியொரு சட்டம் இருப்பது தமக்குத் தெரியாது என்றும், சட்டமென்றால் பணிவதாகவும் கூறிய பாலசுப்பிரமணியம், அப்பயணத்தில் ஏனைய இசையமைப்பாளர்களின் பாடல்களைப் பாடுவதாக அறிவித்தார். தமிழ் பேசும் உலகம் முழுவதும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்று விவாதித்தது. எங்கள் கரையோரத்துத் தேநீர்க் கடைகளிலும் அதே பேச்சுத்தான். 2019இல் இருவரும் மீண்டும் ஒரே மேடையில் சேர்ந்தபோது இரசிகர்களுக்கு ஆறுதலாயிற்று. 2020 செப்டெம்பர் 25இல் பாலசுப்பிரமணியம் காலமானார்.

இளையராஜா பேராசைக்காரர் என்று அன்று பலர் தீர்ப்பளித்தார்கள். வரலாற்றைப் பார்த்தால் அத்தனை எளிதாகத் தீர்ப்பளிக்க முடியாது. தயாரிப்பாளர் கூலி கொடுத்துத் திரைப்படத்துக்காகச் செய்விக்கும் இசைக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977இல் இந்திய உயர்நீதிமன்றம், அதாவது டில்லியிலுள்ள அதிஉயர் நீதிமன்றம், தீர்த்தது. அதே வழக்கில் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். பாடுகிறவருக்குச் சட்டத்தில் எந்த உரிமையும் இல்லாதிருப்பதை அவர் சுட்டிக்காட்டி, பாராளுமன்றத்தின் கவனத்தை அதன்மேல் திருப்பினார். கலைஞருக்குரிய உரிமை 1994இல்தான் இந்தியச் சட்டத்தில் இடம்பெற்றது. இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் எந்த ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டாலும் தம் உரிமைப் பங்கை இழக்காதபடி 2012ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் பாதுகாப்பளித்தது. அதற்காக மாநிலங்கள் அவையில் வாதாடியவர்களுள் முன்நின்றவர் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர்.

அதற்கு முந்திய தலைமுறைகளின் பாட்டுக்காரர் பலர், தம் பாட்டு ஊரெல்லாம் ஒலிக்க, அதன் வருமானம் வேறொருவருக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தார்கள். இசையமைப்பாளர் ஒருவர் காலம் பிந்தியாவது தம் உரிமையைக் கேட்டதில் தவறு காண்பது கடினம். ஆனால் அந்தக் குரல் இல்லாமல் அந்த இசை நம்மிடம் வந்திருக்குமா என்று கேட்ட பாலசுப்பிரமணியத்தின் இரசிகர்களுக்கும் நியாயம் உண்டு. 2019 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் இளையராஜாவுக்குத் தம் இசையின் மீதுள்ள தார்மீக உரிமையை ஏற்றுக்கொண்டது. வழக்கு மேன்முறையீட்டுக்குப் போனது. 2024 ஏப்ரலில் அதை விசாரித்த நீதிபதிகள், வரிகள் இல்லாமல் பாட்டு உண்டா, எழுதியவரும் வந்து உரிமை கேட்டால் என்ன செய்வது என்ற கருத்தில் வினா எழுப்பினர். சரியான வினா அது. பாட்டு ஒருவரின் பிள்ளையல்ல. எழுதியவர், இசைத்தவர், பாடியவர், வாத்தியம் வாசித்தவர், முதலிட்டவர் எல்லோரும் கூடி நடத்திய வேளாண்மை அது. வயலில் விளைவைப் பங்கிடும்போது வெட்டினவனையும் சூடடித்தவனையும் மறந்துவிட்டுப் போடியார் மாத்திரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால், எங்கள் ஊரில் அதற்கு என்ன பேர் வைப்போம்?

வாங்கியவனுக்கு உரிமை இல்லையா?

இதுவரை படைத்தவரின் பக்கத்தைப் பார்த்தோம். வாங்குகிறவரின் பக்கமும் உண்டு. இந்தப் பக்கத்தைப் பற்றிச் சட்டம் அறிந்தவர்கள்கூட அதிகம் பேசுவதில்லை.

ஒரு காலத்தில் கசற் ஒன்றை வாங்கினோம். அது நம்முடையது. வீட்டில் போட்டுக் கேட்கலாம். அயல் வீட்டுக்கு இரவல் கொடுக்கலாம். கலியாண வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அலுத்துவிட்டால் விற்கலாம். விற்ற கடைக்காரர் நள்ளிரவில் நம் வீட்டுக்குள் புகுந்து அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகமாட்டார்.

இன்று நிலைமை மாறிவிட்டது. பாட்டு இலக்க வடிவில் வருகிறது. "வாங்குங்கள்" என்று எழுதிய பொத்தானை அழுத்திப் பணம் கட்டுகிறோம். உண்மையில் நாம் வாங்குவது பாட்டையல்ல, கேட்பதற்கான அனுமதியை மாத்திரமே. அது நீளமான நிபந்தனைகளுக்குள் புதைந்து கிடக்கிறது. அதை வாசிப்பவர் எவருமில்லை.

இதன் விளைவைச் சில நிகழ்ச்சிகள் காட்டும். 2005இல் சோனி பிஎம்ஜி நிறுவனம் பிரதியெடுப்பதைத் தடுக்கவென்று தன் இறுவட்டுகள் சிலவற்றில் ஒரு மறைவான மென்பொருளை வைத்தது. காசு கொடுத்து வாங்கியவர்களின் கணினிகளில் அது சொல்லாமல் கொள்ளாமல் குடியேறி, தீயவர்கள் நுழைவதற்கு வழி திறந்துவிட்டது. அம்பலமானதும் நிறுவனம் அவ்விறுவட்டுகளைத் திருப்பிப் பெற நேர்ந்தது. 2008இல் யாஹூ மியூசிக் தன் பாட்டு விற்பனையை மூடுவதாகவும், பூட்டைத் திறக்கும் அனுமதிச் சாவி இனிக் கிடைக்காதென்றும் அறிவித்தது. வாங்கிய பாட்டை வேறு கணினிக்கு மாற்றினால் அது திறக்காது. கண்டனம் எழுந்த பின்னரே ஈடு கொடுக்க முன்வந்தது. 2023 மார்ச்சில் இந்தியாவில் ஸீ மியூசிக் நிறுவனத்துக்கும் ஸ்பொட்டிபைக்கும் இடையில் உடன்பாடு எட்டப்படாததால், மாதக் கட்டணம் கட்டியவர்களுக்கும் அந்நிறுவனத்தின் பாடல்கள் அங்கே கிடைக்காமற் போயின.

இந்த மூன்றிலும் இழப்பு யாருக்கு என்று பாருங்கள். நேர்மையாகக் காசு கட்டியவருக்கு. திருட்டுப் பிரதி வைத்திருந்தவரின் பாட்டு ஒன்றும் நிற்கவில்லை. நேர்மையைத் தண்டித்து நேர்மையீனத்துக்குப் பரிசளிக்கும் ஏற்பாடு எதுவாயினும், அது நீண்டகாலம் மக்களின் மனச்சான்றைக் கட்டுப்படுத்தாது. சட்டத்தின் பேரில் மதிப்புக் குறைவதற்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை.

நம் நாட்டில் 2003ஆம் ஆண்டு இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். மற்றது 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். முன்னது படைத்தவரைக் காக்கிறது. பின்னது வாங்குகிறவரைக் காக்கிறது. ஒரே ஆண்டில் பிறந்த இவ்விரண்டும் ஒன்றையொன்று அறிந்த சகோதரராக வளரவில்லை. புலமைச் சொத்துச் சட்டம், சில விலக்குகளுடன், சட்டபூர்வமான பிரதியிலிருந்து தன் சொந்தப் பாவனைக்கென ஒரு பிரதி எடுத்துக்கொள்ளத் தனிமனிதருக்கு இடமளிக்கிறது. அதே சட்டம், பிரதியெடுப்பதைத் தடுக்கும் பூட்டை உடைக்கவெனச் செய்த கருவிகளை விற்பனைக்காக ஆக்குவதையும் இறக்குமதி செய்வதையும் தடுக்கிறது. இரண்டுக்கும் தனித்தனியே நியாயம் உண்டு. சேர்த்துப் பார்த்தால், கிணற்றில் ஒரு குடம் நீர் அள்ளலாம், ஆனால் வாளியும் கயிறும் சந்தையில் விற்கக்கூடாது என்று சொன்னது போலாகிறது.

ஒரு கசற்றின் கதை

இவ்விடத்தில் மருதமுனை ஆசிரியர் ஒருவர் என்னிடம் சொன்னதை எழுதாமல் இருக்க முடியவில்லை. ஓய்வுபெற்றவர். கசற் சேர்ப்பதில் பிரியமுள்ளவர். வானொலியில் கேட்டதையும் கடையில் வாங்கியதையும் ஓர் அலுமாரி நிறைய அடுக்கி வைத்திருந்தார். அவற்றுள் ஒன்றில், முதற்பக்கத்தில் விலைக்கு வாங்கிய கசற்றிலிருந்து பிரதியெடுத்த ஹனீபாவின் பாடல்கள். மறுபக்கத்தில் அவருடைய உம்மா பாடிய நாட்டார் கவிகள். வயலையும் கடலையும் பிரிந்து போனவர்களையும் பற்றி எங்கள் கிழக்குக் கரையின் முஸ்லிம் பெண்கள் வாய்மொழியாகப் பாடிவந்த கவிகள் அவை. உம்மா இறந்துவிட்டார்.

2004 டிசெம்பர் 26இல் கடல் வந்தது. அலுமாரி இருந்த அறையே இல்லாமற் போயிற்று.

ஒரு வருடத்துக்குப் பின் அக்கரைப்பற்றிலிருந்து பழைய நண்பர் ஒருவர் அவரைப் பார்க்க வந்தார். கையில் ஒரு கசற். ஹனீபாவின் பாட்டுக்காக முன்னொரு நாள் இரவல் வாங்கி, இரு பக்கத்தையும் அப்படியே பிரதியெடுத்து வைத்திருந்தாராம். "முதற்பக்கம் களவுப் பிரதி பாதர். பிரதியின் பிரதி. ஆனா அந்தக் களவு இல்லாட்டி எங்க உம்மாட குரல் இண்டைக்கு இல்ல" என்றார் ஆசிரியர்.

இதைக் கொண்டு திருட்டுப் பிரதி எல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. ஹனீபாவின் பாடல்களுக்கு உரியவர்களின் பங்கு அங்கே கொடுக்கப்படவில்லை என்பது உண்மை. ஆனால் இரவல் கொடுப்பதும் பகிர்ந்து வைப்பதும் வறிய மக்களின் பத்திரப் பெட்டி என்பதும் உண்மை. எதையும் பிரதியெடுக்க முடியாதபடி பூட்டிவைத்த உலகில், கடல் ஒருமுறை வந்தால் போதும், எல்லாம் போய்விடும். சட்டம் இயற்றுகிறவர்கள் இரண்டு உண்மைகளையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

அந்த மறுபக்கத்துக் கவிகளுக்கு உடையவர் யார்? எழுதிய பேர் இல்லை. இசையமைத்த பேர் இல்லை. ஊரே உடையது. நமது 2003ஆம் ஆண்டுச் சட்டம் இதையும் மறக்கவில்லை. நாட்டார் கலை வெளிப்பாடுகளை அவற்றின் மரபுச் சூழலுக்கு வெளியே வணிகத்துக்குப் பயன்படுத்துவதற்கு அது கட்டுப்பாடு விதிக்கிறது. கவியைக் கிராமத்தில் பாடுபவரைத் தடுக்காமல், அதை எடுத்து விற்பவரைக் கேள்வி கேட்பது நல்ல நோக்கம்.

பூட்டு என்றென்றும் நீடிக்கக் கூடாது என்பதையும் நாம் நினைவிற் கொள்ள வேண்டும். காரைதீவில் 1892இல் பிறந்து, கல்முனையிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்ற சுவாமி விபுலாநந்தர், பழந்தமிழ் இசையை ஆராய்ந்து யாழ் நூலை 1947இல் வெளியிட்டு அவ்வாண்டிலேயே மறைந்தார். ஆசிரியரின் மறைவுக்குப் பின் 70 ஆண்டு என்ற இன்றைய கணக்கின்படி பார்த்தாலும் அந்த உழைப்பு இன்று எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. அவரும் முன்னோரின் பொதுச் செல்வத்திலிருந்து எடுத்துத்தான் அதை ஆக்கினார். பொதுவிலிருந்து வந்தது பொதுவுக்குத் திரும்புகிறது. நடுவில் உழைத்தவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் ஒரு காலத்துக்குப் பயன் இருக்க வேண்டும். அறிவின்மீதுள்ள உரிமையை அளவுக்கு மீறி இறுக்கிப் பிடிப்பது, சிறப்பாக மருத்துவத் துறையில், வறிய நாடுகளை வாட்டும் என்று 2009இல் பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட் எச்சரித்ததும் இக்கருத்திலேதான். பாட்டு மருந்தல்ல. எனினும் உரிமைக்கு எல்லை உண்டு என்ற நியதி இரண்டுக்கும் ஒன்றே.

செய்ய வேண்டியது என்ன?

விற்கிறவர்களிடம் நாம் கேட்பது அதிகமல்ல. விற்பதென்றால் விற்பனை என்று சொல்லட்டும். வாடகை என்றால் வாடகை என்று சொல்லட்டும். கலிபோர்னியா மாநிலம் 2024இல் இயற்றிய சட்டம், வாங்குபவருக்குக் கிடைப்பது அனுமதி மாத்திரமே என்று தெளிவாகச் சொல்லாமல் "வாங்குங்கள்" என்ற சொல்லை இலக்கப் பொருட்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று விதித்து, 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. நம் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையும் இதைக் கவனிக்கலாம். நிறையில் ஏமாற்றும் கடைக்காரரைப் பிடிக்கும் நாம், சொல்லில் ஏமாற்றுபவரை ஏன் விடவேண்டும்? வாங்கும் விலையில் எவ்வளவு உழைத்தவருக்குப் போகிறது என்பதும் வெளிச்சத்துக்கு வரவேண்டும்.

கேட்கிறவர்களாகிய நமக்கும் கடமை உண்டு. நேரான வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது குறுக்கு வழிக்குக் காசு கொடுப்பது சரியல்ல. வங்கி அட்டை இல்லாதவர் யூடியூபில் விளம்பரத்தோடு கேட்கலாம். உரிமையாளர் தாமாக வெளியிட்ட பாடல்களுக்கு அவ்விளம்பர வருமானத்தில் ஒரு பங்கு போகிறது. நம்மூர்க் கலைஞர் ஒருவர் தம் செலவில் பாட்டுப் பதிவுசெய்து விற்றால், நண்பனிடம் பிரதி கேட்காமல் அவரிடமே வாங்க வேண்டும். அவருடைய முதலீடு பெரும்பாலும் மனைவியின் நகை.

நம் வீட்டையும் கூட்டவேண்டும். ஆலயப் பாடகர் குழுக்கள் பாட்டுப் புத்தகங்களை முழுமையாகப் போட்டோப் பிரதி எடுக்கின்றன. எழுதியவர் பெயரும் இசையமைத்தவர் பெயரும் எங்கோ வழியில் உதிர்ந்துபோகின்றன. நான் பங்குத்தந்தையாக இருந்த காலத்தில் நானும் அப்படியே செய்வித்தேன். கோயில் காரியந்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோயில் காரியத்துக்கு மேசனும் தச்சனும் இலவசமாக வேலை செய்யவில்லை. அவர்களுக்குக் கூலி கொடுத்தேன். பாட்டெழுதியவருக்கு ஒரு கடிதம் எழுதி அனுமதி கேட்கவில்லை. பெயரையாவது அச்சிட்டிருக்கலாம். அதையும் செய்யவில்லை. ஊருக்கு உபதேசம் எழுதுமுன் இதைச் சொல்லிவிடுவது முறை.

இனி அந்த இளைஞருக்கு வருவோம். தம்பி, நீர் களவெடுக்கவில்லை. நீர் கூலி கொடுத்தீர். அது போய்ச் சேரவேண்டிய ஆளிடம் போகவில்லை. அறியாமற் செய்ததற்கு உம்மைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இப்போது உமக்குத் தெரியும். அடுத்தமுறை அந்தக் கடைக்குப் போகுமுன், இந்த முன்னூறு ரூபா யார் கைக்குப் போகிறது என்று ஒருமுறை கேட்டுப்பாரும். அதே கேள்வியை, நீர் மாதக் கட்டணம் கட்டும் நாளில், அந்தப் பெரிய நிறுவனத்திடமும் கேளும். இரண்டு இடத்திலும் கேட்க உமக்கு உரிமை உண்டு.

நிந்தவூர்ச் சந்தியில் மீண்டும் சந்தித்தால் இதை நேரில் சொல்வேன். அதுவரை, இந்தப் பத்திரிகை எப்படியாவது அவர் கைக்குக் கிடைக்கட்டும். இதைப் பிரதியெடுத்து அவரிடம் கொடுப்பவர்கள்மீது எனக்கு வழக்கில்லை.